மாட்டுக்கொட்டாய்ல மூட்டம் போட்டாலும் அபராதமா? மணலி மண்டலத்துல இருக்கறவங்க சொல்லுங்க

இடையஞ்சாவடி மருமகள்:
வணக்கம். எங்க வீட்ல ரெண்டு கறவை மாடு, ஒரு கன்னு. 2011ல எங்க ஊரை மாநகராட்சியோட சேர்த்தாங்க. பேருக்குச் சென்னை, பொழப்பு இன்னும் கிராமத்துப் பொழப்புதான்.

போன வாரம் காஞ்ச தென்னமட்டை, கிழிஞ்ச தார்ப்பாய், தவிட்டுச் சாக்கு எல்லாத்தையும் குமிச்சு வேலியோரம் கொளுத்திட்டோம். அந்தப் பக்கமா வந்த மாநகராட்சி மேற்பார்வையாளர், "இன்னொரு தடவை பார்த்தா அஞ்சாயிரம் அபராதம்"னு சொன்னார். தார்ப்பாயைக் கொளுத்தினது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா மாட்டைக் கொசு கடிக்காம இருக்க சாயங்காலம் போடற புகை மூட்டத்தைப் பத்திக் கேட்டதுக்கும் "எதையும் கொளுத்தக்கூடாது"ன்னுட்டார்.

எங்க மாமியார் ஓட்டைப் பானையில அடுப்புத் தணலைக் கொட்டி, பாதி காஞ்ச சாணி போட்டு, மேல பச்சை நொச்சித்தழை வெப்பாங்க. புகை கிளம்பினா பெரிய மாடு தானா அந்தப் பக்கம் திரும்பி நின்னு கண்ணை மூடிக்கும், வால் வீசறது நின்னுடும். பயந்துக்கிட்டு ரெண்டு நாள் மூட்டம் போடலை. ராத்திரியெல்லாம் காலை உதைச்சுக்கிட்டே இருந்துச்சு, விடிஞ்சு பார்த்தா மடியைச் சுத்தித் தடிப்பு. பால்ல அரை லிட்டர் போச்சு. இதுக்கு விலக்கு உண்டா? விறகடுப்புக்கும் தடையா? போகி வேற வருது.

திருவொற்றியூர் பெரியவர்:
அம்மா, தீயணைப்புத் துறையில இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அஞ்சாயிரம் 2016 டிசம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு. குப்பையைத் திறந்தவெளியில எரிச்சா 5,000 ரூபாய், பெரிய அளவுல எரிச்சா 25,000. அதே வருஷத்துத் திடக்கழிவு விதியும் தோட்டக்கழிவைத் தனியா வெச்சு, உள்ளாட்சி சொல்ற முறையில அப்புறப்படுத்தச் சொல்லுச்சு. அதனால மட்டையைக் கொளுத்தறதும் வேண்டாம்.

அடுப்பு வேற விஷயம். 1981 காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 19(5) பிரிவுல, பொருள்களை எரிக்கத் தடை போட அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கு. அங்கயே "எரிபொருள் அல்லாத" பொருள்னுதான் இருக்கு. விறகும் வறட்டியும் அடுப்புக்கு எரிபொருள். இந்த உத்தரவை நெனச்சு அடுப்பை அணைக்க வேண்டியதில்ல.

மூட்டம்ங்கற பேரு நான் சொன்ன எதுலயும் வராது. வாய்ப்பேச்சை நம்பாம மண்டல அலுவலகத்துல மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்குங்க. அதுவரைக்கும் பானையில சாணியும் தழையும் தவிர ஒரு பிளாஸ்டிக் துண்டு விழக்கூடாது. வைக்கோல் போர் எங்க இருக்குன்னு பாருங்க. அணைஞ்சிடுச்சுன்னு நெனச்ச தணல் நடுராத்திரி காத்துல பறந்து போர் பத்தினதை நான் நேர்ல பார்த்திருக்கேன்; கட்டியிருந்த கன்னை அவுக்க முடியலை. படுக்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திக் கையை வெச்சுப் பாருங்க. எண்ணெய்க் குழாய் போற தடத்துல எந்தத் தீயும் கூடவே கூடாது.

புதுநகர் அம்மா:
அக்கா, கோவிச்சுக்காதீங்க. என் பையனுக்கு வீசிங். சாணிப் புகைக்கே இருமுவான், ஆனா தார்ப்பாய்ப் புகை வந்த அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ பிடிச்சு ஓடினோம். மார்கழி, தை விடியக்காலையில புகை மேல ஏறாம தரையோடயே நிக்குது. 2018 போகி அன்னிக்கு மீனம்பாக்கத்துல விமானமே இறங்க முடியலையே. பழைய துணி, பாய், டயரையெல்லாம் போகிக்கு முன்னாடி தூய்மைப் பணியாளர்ங்க வாங்கிக்கறாங்க. கொடுத்துடுங்கக்கா, கெஞ்சிக் கேக்கறேன்.

மீஞ்சூர் விவசாயி:
மட்டையைத் துண்டு போட்டுத் தென்னைப் பாத்தியிலயே மூடாக்காப் பரப்புங்க, ஈரம் நிக்கும். கொட்டாய்க்கு நாலு பக்கமும் கொசுவலை கட்டினதுல இருந்து நான் மூட்டமே போடறதில்ல. கீழ ஒரு சாண் மண்ணுல புதைக்கணும், இல்லன்னா கன்னு முட்டித் தூக்கிடும். சாணிக்குழியைக் கொட்டாய்க்குத் தள்ளி வெட்டுங்க. மூத்திரம் தேங்கற இடத்துல சாம்பல் தூவுங்க.

இடையஞ்சாவடி மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, உன் பையன் விஷயம் படிச்சு மனசு பதறிடுச்சு. மிச்சமிருந்த தார்ப்பாயையும் சாக்கையும் இன்னிக்குக் காலையில பேட்டரி வண்டியில வந்த அம்மாகிட்ட கொடுத்துட்டேன். மனு எழுதியாச்சு, திங்கக்கிழமை கொடுக்கப் போறேன். மாமியார் வலைக்குச் சம்மதிச்சுட்டாங்க, ஆனா வலை கட்டி முடியற வரைக்கும் பானை இருக்கட்டும்னு சொல்றாங்க. மீஞ்சூர் அண்ணா, வலை அங்கயே கிடைக்குமா? எங்க கொட்டாய் பதினஞ்சடிக்குப் பத்தடி, எத்தனை மீட்டர் வாங்கணும்?