புதுப்பிப்பு: அக்காவின் ஆய்வுகள் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன
கொழும்பில் டெங்கு ஆய்வு செய்யும் அக்காவின் கட்டுரைகள் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்த்தாயிற்று!

அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்து, இன்னோரிடத்தில் முழுப்பெயர். கல்யாணத்துக்குப் பிறகு அத்தானின் பெயர். இதுதான் சிக்கல். நீங்கள் சொன்னபடி முதலில், பெயர் எப்படி மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஓர்கிட் எண் எடுத்தோம். அப்புறம் மூன்றையும் இணைக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு விண்ணப்பித்தோம். எச்-சுட்டெண் 5இலிருந்து 9 ஆகிவிட்டது. அதாவது, பிற கட்டுரைகளில் தலா 9 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் குறைந்தது 9 இருக்கின்றன. இத்தனை வருட உழைப்பு இப்போதுதான் கண்ணில் படுகிறது.

கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலர் அக்காவின் பக்கத்தில் தானாகச் சேர்த்திருந்த, அதே பெயர்கொண்ட வேறொருவரின் கட்டுரைகளையும் நீக்கினோம். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்தவர் உழைப்பு நமக்கு வேண்டாம். பதவி உயர்வு விண்ணப்பம் திங்கட்கிழமை போகிறது.