எங்கட பிளட்ஸ் (தொடர்மாடி) குழு: இந்தக் கிழமை மழை

வெள்ளவத்தை, ஞாயிற்றுக்கிழமை

3ஆம் மாடி மாமி, காலை 7.12
பிள்ளையள், இந்தக் கிழமை மழை எப்பிடி? போனில பாத்தா நாளையில இருந்து அடுத்த ஞாயிறு மட்டும் எல்லா நாளும் இடிமின்னல் படம்தான் போட்டிருக்கு. சனிக்கிழமை பின்னேரம் பேத்தியின்ர பிறந்தநாள், மேல்மாடியில வைக்க இருக்கிறம். கூடாரக்காரன் நாளைக்குள்ள அட்வான்ஸ் கேக்கிறான் 😟

5ஆம் மாடி அண்ணா, 7.20
மாமி, நவம்பர்ல கொழும்புக்கு அந்தப் படம் ஒரு நாளும் மாறாது. பின்னேரம் அரை மணித்தியாலம் பெஞ்சாலும் அதுதான், விடிய விடியப் பெஞ்சாலும் அதுதான். படத்த விட்டுட்டு நேரத்தப் பாருங்கோ.

4ஆம் மாடி தம்பி, 7.31
வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அறிக்கை பாத்தனான். புதன் வரைக்கும் வழமையான இடைப்பருவ மழைதான். மேல், சப்ரகமுவ, மத்திய மாகாணங்கள், காலி, மாத்தறைப் பக்கம் பகல் 1 மணிக்குப் பிறகு இடியோட பெய்யும். காலமை வெயில் இருக்கும். உடுப்புக் காயப் போடுற ஆக்கள் மத்தியானத்துக்கு முந்தி எடுத்திடுங்கோ.

4ஆம் மாடி தம்பி, 7.32
வியாழனுக்குப் பிறகுதான் கவனிக்க வேணும். வங்காள விரிகுடாவில தென்கிழக்குப் பக்கம் ஒரு தாழமுக்கம் உருவாகலாமாம்.

2ஆம் மாடி அக்கா, 7.33
ஐயோ தாழமுக்கமோ? அம்மா வியாழன் இரவு பஸ்ஸில யாழ்ப்பாணம் போறா, கார்த்திகை விளக்கீட்டுக்கு. சீற் புக் பண்ணியாச்சு.

4ஆம் மாடி தம்பி, 7.38
தாழமுக்கம் எல்லாம் புயலாகிறேல்ல அக்கா. "உருவாகலாம்" எண்டுதான் இப்ப கிடக்கு. ஆனா உருவானா முதல்ல நனையிறது வடக்கும் கிழக்கும்தான். அங்க பின்னேரம் மட்டும் எண்டு இல்லை, பகல் இரவு பாக்காமப் பெய்யும். காங்கேசன்துறையில இருந்து திருகோணமலை ஊடாப் பொத்துவில் வரைக்கும் கடலுக்குப் போகாதையுங்கோ எண்டு அறிவித்தல் வந்தா, விசயம் முத்திட்டுது எண்டு எடுங்கோ. புதன் பின்னேர அறிக்கைய ஒருக்காப் பாத்திட்டு அம்மாவ அனுப்புங்கோ.

5ஆம் மாடி அண்ணா, 7.40
பஸ் கிளிநொச்சியாலதான் போகுது, இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்தாலும் யோசிக்க வேணும். 2018 டிசம்பர்ல திறக்கேக்க கிளிநொச்சி பட்ட பாடு ஞாபகம்தானே.

3ஆம் மாடி மாமி, 7.41
எல்லாரும் யாழ்ப்பாணம் போயிட்டீங்கள். என்ர சனிக்கிழமை?

1ஆம் மாடி டீச்சர், 7.52
காலை வணக்கங்க. ஹட்டன்ல எங்கம்மா வீட்டுப் பக்கம் நேத்து மத்தியானத்துல இருந்து மழை விடலையாம். சின்னவன் பரீட்சை எழுதுறான், அதான் பயம். 2024லயும் 2025லயும் வெள்ளத்தால உயர்தரப் பரீட்சையை நடுவுல நிப்பாட்டினாங்களே.

கீழ்க்கடை நானா, 7.55
டீச்சர், மலையில மழ எண்டாலே எனக்கு வகுறு கலக்குது. ராத்தா வெல்லம்பிட்டியில. டித்வா புயல் நேரம் இங்க மழ விட்ட பொறகுதான் அவங்கட ஊட்டுக்குள்ள தண்ணி வந்த.

5ஆம் மாடி அண்ணா, 8.04
அதுதான் நானா களனி ஆத்தின்ர குணம். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா எல்லாம் மலையில இருந்துதான் வருது. அங்க பெஞ்ச தண்ணி கித்துல்கல, அவிசாவளை, ஹங்வெல்ல எண்டு இறங்கி இங்க வர நேரம் எடுக்கும். அதுக்குள்ள நாங்கள் "மழை விட்டுட்டுது" எண்டு கதவத் திறந்து வைச்சிடுவம். ராத்தாவ வானத்தப் பாக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நாகலகம் வீதியில ஆத்துத் தண்ணி எவ்வளவு எண்டு அளக்கிறதப் பாக்கட்டும். அங்க இன்னும் அடிக்கணக்குத்தான்: 4 அடி உசார், 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஹங்வெல்லயில ஏறத் துவங்கினாலே சாமான மேல தூக்கலாம். நீர்ப்பாசனத் திணைக்களம் அடிக்கடி போடுது.

கீழ்க்கடை நானா, 8.06
இப்ப எவ்வளவு தம்பி?

4ஆம் மாடி தம்பி, 8.09
2 அடிக்கும் கீழ நானா. இண்டைக்குப் பயமில்லை. ஏறினா நானே கோல் எடுக்கிறன். அவசரம் எண்டா 117, இடர் முகாமைத்துவ நிலையம்.

கீழ்க்கடை நானா, 8.10
அல்ஹம்துலில்லாஹ் 🤲

செயலாளர் ஐயா, 8.22
எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஒழுங்கைக்குக் களனி வராது, சரி. ஆனா கார் நிப்பாட்டுற நிலக்கீழ் மாடிக்குத் தண்ணி வரக் கால்வாயும் தேவையில்லை, எங்கட மேல்மாடியே போதும். அறிக்கையில 100 மில்லிமீற்றர் எண்டா ஒரு சதுர மீற்றருக்கு 100 லீற்றர். எங்கட மேல்மாடி 200 சதுர மீற்றர், கணக்குப் போடுங்கோ: 20,000 லீற்றர். அவ்வளவும் பீலிக் குழாய் வழியாக் கீழ இருக்கிற குழிக்குத்தான் போகுது. நேற்று அந்தக் குழியின்ர மூடியத் திறந்து பாத்தன். பம்பின்ர மிதவையில லன்ச் ஷீற் ஒண்டு சுத்திக் கிடக்கு, குழம்பு மணத்தோட. கையால தூக்கினா பம்ப் ஓடுது, தானா ஓடாது. சோத்துப் பார்சல் சாப்பிட்டு ஜன்னலால எறியிற ஆள் ஆரெண்டு நான் கேக்கேல்ல.

2ஆம் மாடி அக்கா, 8.24
கேக்காமலே தெரியும் 😏

6ஆம் மாடி மச்சான், 8.25
நான் பார்சல் விட்டுக் கனகாலம் 🙏

1ஆம் மாடி டீச்சர், 8.27
மேல்மாடி பீலியிலயும் கொட்டங்காய் இலை அடைச்சிருக்குங்க. தண்ணி தேங்கி நிக்குது. நுளம்பு பரிசோதிக்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்தா எல்லார் பேரையும் எழுதிட்டுப் போவார்.

3ஆம் மாடி மாமி, 8.30
ஓம், ஓம், நுளம்பு, பம்ப், களனி, கிளிநொச்சி. நான் அட்வான்ஸ் குடுக்கிறதோ இல்லையோ?

5ஆம் மாடி அண்ணா, 8.36
குடுக்காதையுங்கோ மாமி. தாழமுக்கம் வந்துதெண்டா மேல்மாடிக் காத்துக்குக் கூடாரம் நிக்காது. வரேல்லயெண்டா பின்னேரம்தான் மழை, நீங்கள் காலமை 10 மணிக்குக் கேக் வெட்டினாச் சரி, கூடாரம் தேவையில்லை. ரெண்டு வழியிலயும் காசு வீண்.

3ஆம் மாடி மாமி, 8.38
காலமை வெயில் சுடுமே?

5ஆம் மாடி அண்ணா, 8.39
தண்ணித் தாங்கியின்ர நிழல் பக்கம் கதிரையப் போடுவம். மழை எண்டா எங்கட வீட்டு ஹோல் இருக்கு. சோபாவ நான் தூக்கி வைக்கிறன்.

3ஆம் மாடி மாமி, 8.41
அப்ப 10 மணி. நானா, றோல்ஸ் 80, கட்லற் 80. வெள்ளி இரவே தந்தாலும் பரவாயில்லை.

கீழ்க்கடை நானா, 8.42
வெள்ளி போட்டா நமுத்துப் போகும் மாமி. சனி சுபஹுத் தொழுகைக்குப் பொறகு சூடாப் போட்டு நானே மேல கொண்டு வாறன்.

2ஆம் மாடி அக்கா, 8.44
அம்மா சொல்றா, புதன் அறிக்கை என்ன சொன்னாலும் தான் போவாவாம்.

4ஆம் மாடி தம்பி, 8.45
அதுக்கு எந்தத் திணைக்களமும் எச்சரிக்கை விடாது அக்கா 😂

செயலாளர் ஐயா, 8.51
பம்ப் செய்யிற பெடியன் நாளைக்குக் காலமை 9 மணிக்கு வாறான். மோட்டர் அறைத் திறப்பு ஆரிட்ட?

6ஆம் மாடி மச்சான், 8.58
என்னட்ட. பீலிக்கும் நான் ஏறுறன், ஏணிய ஒராள் பிடிச்சாக் காணும்.