மனோசிலை, தாளகம்: கடையிலும் அடுப்பிலும் பார்த்தது

வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் ட்ரை ஆக்சைடு என்ற விஷம் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. எனக்குக் கவலை சித்த மருந்துச் சரக்குகளான மனோசிலை, தாளகம் என்ற இரண்டு தாதுக்களைப் பற்றித்தான். இரண்டிலும் இருப்பது ஆர்சனிக்கும் கந்தகமும். மனோசிலை சிவப்பு, தாளகம் பொன் மஞ்சள். பார்க்க அழகு வேறு, யாரும் அஞ்சுவதில்லை.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் (மருந்துச் சரக்குகளின் குணம் பற்றிய பாடம்) படித்த காலத்தில், சரக்குகளை அடையாளம் பழக டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போவோம். கடை அண்ணாச்சி சுக்கு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் எடுத்துக் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வார். மனோசிலை வாசலோரக் கண்ணாடி ஜாடியில், சாயங்கால வெயில் நேரே விழும் இடத்தில் இருந்தது. மேலே சிவப்புக் கட்டிகள். அடியில் மாவு போல மஞ்சள் தூள்.

"என்ன அண்ணாச்சி, தாளகம் கலந்துட்டா?"

"இல்ல தம்பி, வெயில் பட்டா அதுவே உதிரும்" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து ஜாடியைத் தட்டிக் காட்டினார். தூள் எழும்பியது. பக்கத்தில் வாய் திறந்த வெந்தயச் சாக்கு.

அவர் சொன்னது சரிதான். வெளிச்சம் பட்டால் மனோசிலையின் மூலக்கூறு அமைப்பே மாறி, கட்டி பொடிந்துவிடும். கட்டியை இடுக்கியால் எடுத்து வைத்துவிடலாம். பொடி மூச்சோடு போகும், தராசுத் தட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த சரக்கோடும் போகும். இருட்டான, இறுக மூடிய டப்பாவில், பெயர் எழுதி வைக்க வேண்டிய பொருள் அது. சிந்தினால் விளக்குமாற்றைத் தொடவே கூடாது; ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மூக்கில் கட்டிய கைக்குட்டை இந்தத் தூளுக்குப் போதாது. கொரோனா காலத்தில் பழகிய என்95 வேண்டும்.

அப்புறம் அடுப்பு. இரண்டும் தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் சாது என்று ஒரு பேர். காற்றுப்பட நெருப்பில் காய்ந்தால் கந்தகம் எரிந்துபோக, ஆர்சனிக் வெண்புகையாக எழும். அந்தப் புகை படிந்தால் அதுதான் வெள்ளைப் பாஷாணம்! மருந்தை அகலில் மூடி நெருப்பில் வேகவைப்பதுதான் புடம். அகலின் வாயை அடைக்க மண் பூசிச் சுற்றும் துணிக்குச் சீலைமண் என்று பெயர். அதில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் எங்கள் ஆசிரியர் புடத்தை நிறுத்திவிடுவார். "காத்து எந்தப் பக்கம் அடிக்கின்னு பாத்து நில்லுங்கலே" என்பார். ஆனி, ஆடி மேல்காற்றில் புடம் என்ற பேச்சே கிடையாது.

"இங்கிலீஷ் மருத்துவத்திலேயே கொடுக்கிறார்களே" என்று சிலர் வாதம் செய்கிறார்கள். உண்மைதான், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரை ஆக்சைடை 2000இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆஸ்பத்திரியில், இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி ஏற்றுகிற மருந்து அது. கண்காணிக்க ஆளில்லாத திண்ணையில் உரைத்துக் கொடுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சிறுகச் சிறுக உடம்பில் சேர்ந்தால் உள்ளங்கை, உள்ளங்கால் தடிக்கும், தோலில் கரும்புள்ளி விழும். அதைக் கவனிக்கும்போது வருடங்கள் ஓடியிருக்கும்.

நம் பக்கத்தில் தாத்தா வைத்தியராக இருந்த வீடுகளில் பழைய மருந்துப் பெட்டி கிடக்கும். பெயரில்லாத பொட்டலம் இருந்தால் பிரிக்காதீர்கள், கிணற்றிலோ தாமிரபரணியிலோ போடாதீர்கள். அப்படியே ஒரு டப்பாவில் மூடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், உடனே 108. மாற்று மருந்து இருக்கிறது. மிச்சம் இருப்பதை மூடி, கூடவே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.