மேடைக்கும் ரெக்கார்டிங்குக்கும் ஒரே இன் இயர் போதுமா? 15,000 ரூபாய்க்குள் யோசனை சொல்லுங்கள்

திருச்சிக்குரல்:

வணக்கம். திருச்சி பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் வரிசையாகக் கோயில் திருவிழாக் கச்சேரிகள்தான், எல்லாம் திறந்தவெளி, மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. எனக்கு முன்னால் ஒரு மானிட்டர் பாக்ஸ் (என் குரல் எனக்குக் கேட்பதற்கான ஸ்பீக்கர்) வைப்பார்கள், பக்கத்திலேயே டிரம்ஸ், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர். குத்துப்பாட்டு தொடங்கிவிட்டால் என் குரல் எனக்கே கேட்காது. மானிட்டரை ஏற்றச் சொன்னால் ஹௌலிங் (கீச்சென்ற ஊளைச் சத்தம்) வருகிறது, அதற்கு மேல் ஏற்ற முடியாது என்கிறார்கள். கத்திப் பாடி மறுநாள் தொண்டை கட்டிக்கொள்கிறது.

இது போக வீட்டில் ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), கண்டென்சர் மைக் வைத்து கவர் பாடல்களும், இசையமைப்பாளர்களுக்கு ட்ராக்கும் பாடி அனுப்புகிறேன். இப்போது இருக்கிற ஹெட்போனில் தாளம் காட்டும் க்ளிக் சத்தம் கசிந்து மைக்கில் ஏறிவிடுகிறது, மெதுவான பாட்டில் பளிச்சென்று தெரிகிறது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே இன் இயர் (காதை அடைத்து உட்காரும் மானிட்டர் இயர்போன்) வாங்கினால் போதுமா? கடையில் நான்கு டிரைவர் (உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர்), எட்டு டிரைவர் என்று அடுக்குகிறார்கள், எது தேவை என்று புரியவில்லை. கையில் ஒரு ப்ளூடூத் இயர்பட் இருக்கிறது, மேடைக்கு அதையே வைத்துச் சமாளிக்கலாமா? குழுவில் புதிதாக எக்ஸ்ஆர்18 மிக்ஸர் வாங்கியிருக்கிறார்கள், அதில் இன் இயர் கொடுக்கலாம் என்று கீபோர்டு வாசிக்கிற அண்ணன் சொன்னார்.

ரிதம்பேட்:

அக்கா, ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். பாட்டு கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சத்தம் காதுக்கு வந்து சேர 100 முதல் 200 மில்லி விநாடி வரை தாமதம் ஆகும். நீங்கள் பாடி முடித்த எழுத்து அப்புறமாகக் காதில் விழும், தாளத்தில் நிற்கவே முடியாது.

நான் எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது கேஇசட் இசட்எஸ்10 ப்ரோ, ஒரு பக்கத்துக்கு ஒரு டைனமிக், நான்கு பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்று இரண்டு வகை, ஆக ஐந்து டிரைவர். சில ஆயிரம் ரூபாய்தான். க்ளிக்கும் கிக்கும் நறுக்கென்று கேட்கும், கேபிள் போனாலும் கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மிச்சப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்குங்கள்.

மானிட்டர்மேசை:

ப்ளூடூத் பற்றித் தம்பி சொன்னது முழுக்கச் சரி. ரிதம் வாசிப்பவருக்கு அந்தச் செட் பொருந்தும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடுகிறவர் நிலைமை வேறு. அதை யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சகோதரி, டிரைவர் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது காதில் அது எவ்வளவு இறுக்கமாக அடைத்து உட்காருகிறது என்பது. சரியாக அடைத்தால் வெளிச்சத்தம் வெகுவாகக் குறையும், அப்போது காதுக்குள் குறைந்த சத்தம் வைத்தாலே போதும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் பாஸ் முழுக்க ஓடிவிடும், டிரம்ஸ் உள்ளே வந்துவிடும், நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள். ஷூர் நிறுவனம் எஸ்இ215 மாடலுக்கு 37 டெசிபல் வரை வெளிச்சத்தம் குறையும் என்று சொல்கிறது. அந்தக் கணக்கெல்லாம் சரியான டிப் (காதுக்குள் போகும் ரப்பர் அல்லது ஃபோம் முனை) போட்டால்தான். பெட்டியில் வருகிற எல்லா அளவு டிப்பையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃபோம் டிப் என்றால் விரலால் உருட்டிச் சுருக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலை எடுக்காமல் இருங்கள். பிறகு வாயை நன்றாகத் திறந்து மேல் ஸ்தாயியில் ஆகாரம் பாடுங்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமே மாறும். பேசும்போது நன்றாக அடைத்திருந்தது மேல் பஞ்சமத்தில் விட்டுப்போனால் அந்த டிப் உங்களுக்கு ஆகாது.

அடுத்தது உங்கள் குரல். காதை அடைத்ததும் எலும்பு வழியாக வருகிற சொந்தக் குரல் உள்ளே குமுறும், பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது மாதிரி. முதல் தடவை போடுகிற பாடகர்கள் பாதிப் பேர் இதற்காகவே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இன் இயரின் குறை கிடையாது. டிப் ஆழமாக உட்கார்ந்தால் குமுறல் குறையும், மானிட்டர் பஸ்ஸில் (மிக்ஸரிலிருந்து உங்கள் காதுக்கு வரும் தனிப் பாதை) குரலின் கீழ்ப்பகுதியை 150, 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டி, சிறிது ரிவெர்ப் (எதிரொலி) சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியும் குரல் மெலிந்து, உள்ளீடற்ற மாதிரி கேட்டால் உங்கள் மைக் சேனலின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழ் திசை) மிக்ஸரில் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். எலும்பு வழி வருகிற குரலும் இயர்போனில் வருகிற குரலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒரு பட்டனிலேயே குரல் நிரம்பிவிடும்.

எக்ஸ்ஆர்18 இருப்பது நல்ல விஷயம். அதில் 6 ஆக்ஸ் பஸ் (துணைப் பாதை) உண்டு, மோனோவாக ஆறு பேருக்குத் தனித்தனி மிக்ஸ், ஸ்டீரியோ என்றால் மூன்று பேருக்கு. உங்கள் பஸ்ஸை உங்கள் போனிலிருந்தே ஏற்றி இறக்கும் ஆப்பும் இருக்கிறது. ஆக்ஸ் அவுட்டிலிருந்து ஒரு கேபிள், இடுப்பில் செருகிக்கொள்ள பெரிங்கர் பி2 மாதிரி ஒரு சின்ன ஆம்ப், இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும். இன் இயருக்கு 10,000 ரூபாயை ஒட்டி, மிச்சம் இதற்கு. எஸ்இ215 அல்லது சென்ஹைசர் ஐஇ 100 ப்ரோ, இரண்டில் எது உங்கள் காதில் உட்காருகிறதோ அது. இரண்டுமே ஒற்றை டைனமிக் டிரைவர்தான், பாடகருக்குத் தாராளமாகப் போதும்.

ஒன்றை மட்டும் தவறவே விடாதீர்கள். உங்கள் பஸ்ஸில் லிமிட்டர் (சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் வசதி) போடாமல் காதில் மாட்டாதீர்கள். யாராவது மைக்கைக் கீழே போட்டாலோ, கேபிளைப் பிடுங்கினாலோ அந்தச் சத்தம் நேராகச் செவிப்பறைக்குப் போகும். மானிட்டர் பாக்ஸாக இருந்தால் நகர்ந்துகொள்ளலாம், இதில் முடியாது.

நள்ளிரவுமிக்ஸ்:

மேடைப் பக்கத்தை மேலே அண்ணன் சொல்லிவிட்டார். ரெக்கார்டிங் பக்கம் நான் சொல்கிறேன்.

பாடிப் பதிவு செய்ய அதே இன் இயர் தாராளமாகப் போதும். க்ளிக் கசிவுக்கு அதுதான் சரியான தீர்வு, காதை அடைத்து உட்காருவதால் வெளியே ஒன்றும் வராது. ஆனால் தாமதத்தைக் கவனியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டு) 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 2.7 மில்லி விநாடி, போய்வருவது இன்னும் கூடும். கிட்டார் வாசிப்பவருக்கு இது தெரியாது. அவர் ஆம்ப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே சத்தம் வந்து சேர 6 மில்லி விநாடி ஆகிவிடும். பாடுகிறவருக்குத் தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்பதால் சில மில்லி விநாடி பிந்தி வருகிற இன்னொரு குரல் சேர்ந்து சத்தம் குகைக்குள் கேட்கிற மாதிரி ஆகும். அதனால் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் சுவிட்சைப் (குரல் கணினிக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வரும்) போட்டுக்கொண்டு பாடுங்கள்.

டிரைவர் விஷயத்தில் ஒரு காரணம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பல ஆர்மச்சர் கொண்ட இயர்போன்களில் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு வரும் தடை) ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஏறி இறங்கும். விலை குறைந்த இன்டர்ஃபேஸ்களின் ஹெட்போன் அவுட்டில் அவுட்புட் இம்பீடன்ஸ் சற்று அதிகமாக இருப்பது வழக்கம். இரண்டும் சேர்ந்தால் அதே இயர்போன் மிக்ஸரில் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும் ஒலிக்கும். ஒற்றை டைனமிக்கில் இம்பீடன்ஸ் பெரும்பாலும் சமமாக இருப்பதால் எங்கே செருகினாலும் ஒரே குணம். நீங்கள் இரண்டு இடத்திலும் ஒன்றையே பயன்படுத்தப்போவதால் இது உங்களுக்கு முக்கியம்.

ஆனால் மிக்ஸ் பண்ணவும் அதை மட்டுமே நம்பாதீர்கள். எஸ்இ215-இல் பாஸ் சற்றுத் தூக்கல், மேல்பகுதி அடங்கி இருக்கும், பாட இதமாக இருக்கிற அதே குணம் மிக்ஸில் தப்பான முடிவெடுக்க வைக்கும். அப்புறம், ஸ்பீக்கரில் இடப்பக்கச் சத்தம் வலது காதுக்கும் கொஞ்சம் போகும், இன் இயரில் போகாது, அதனால் பேன் செய்ததெல்லாம் (இடம், வலம் என்று பிரித்து வைத்ததெல்லாம்) மிகையாகவும் குரல் மண்டைக்குள்ளேயும் கேட்கும். ரிவெர்ப் அளவை ஸ்பீக்கரில் ஒருமுறை சரிபார்க்காமல் அனுப்ப வேண்டாம். மிக்ஸும் இன் இயரில்தான் என்றால் எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இன் இயர்களைப் பாருங்கள். 1991-இல் இஆர்4 மாடல் வந்த காலத்திலிருந்து அவர்கள் தட்டையான, நேர்மையான ஒலிக்குத்தான் உழைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்கு டிப் ஆழமாகப் போகும், சிலருக்கு அது உறுத்தும், மேடையில் வாய் திறந்து பாடும்போது இன்னும் உறுத்தலாம்.

திருச்சிக்குரல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் கீபோர்டு அண்ணனுடைய எஸ்இ215-ஐ என் டிப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்கும் என்று நினைக்கவில்லை, பாதிக் குரலிலேயே பாட முடிந்தது. ஆனால் கைதட்டலும் கூட்டமும் கேட்கவே இல்லை, அது கஷ்டமாக இருக்கிறது. அடுத்த பாட்டு கேட்டுக் கூட்டத்திலிருந்து குரல் கொடுப்பார்கள், அதற்குப் பதில் சொல்லித்தான் எங்கள் கச்சேரியே நடக்கும். ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளலாமா? அப்புறம் நான் மேடையில் நடந்துகொண்டே பாடுகிறவள், வயர்லெஸ் எடுப்பது நல்லதா? காது அச்சு எடுத்துச் செய்வது எப்போது தேவைப்படும்?

மானிட்டர்மேசை:

ஒரு காது வேண்டாம், தயவுசெய்து. இரண்டு காதில் கேட்கும்போது மூளை இரண்டையும் கூட்டி எடுத்துக்கொள்கிறது. ஒன்றைக் கழற்றினால் மிச்சமுள்ள காதில் அதே அளவு கேட்க நீங்கள் தானாகவே வால்யூமை ஏற்றுவீர்கள், திறந்த காது டிரம்ஸுக்கு நேராக நிற்கும், இரண்டு காதும் கெடும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்கிற பாதுகாப்பு வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். உங்கள் கச்சேரி மூன்று மணி நேரம், சீசனில் எத்தனை ராத்திரி என்று நீங்களே பாருங்கள்.

கூட்டம் கேட்க வழி இருக்கிறது. மேடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மைக்கைக் கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். அவற்றை மெயின் ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் இன் இயர் பஸ்ஸுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், பாட்டு நடக்கும்போது குறைத்து, முடிந்ததும் ஏற்றினால் கைதட்டலும் கேட்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்கும். எக்ஸ்ஆர்18-இல் 16 மைக் உள்ளீடு இருப்பதால் இரண்டை ஒதுக்குவது மெல்லிசைக் குழுவுக்குச் சிரமமில்லை.

வயர்லெஸ் பற்றி. எக்ஸ்வைவ் யூ4 மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் இருக்கின்றன, தாமதமும் 5 மில்லி விநாடி அளவில்தான். சிறிய மண்டபத்தில் நன்றாக வேலை செய்யும். திருவிழாக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் போன், அதே அலைவரிசையில்தான் வைஃபையும் ஓடுகிறது, போதாததற்கு எக்ஸ்ஆர்18-இன் உள்ளேயே இருக்கிற வைஃபையும் 2.4 தான். மிக்ஸருக்கு வெளியிலிருந்து ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் வைக்கச் சொல்லிவிட்டு, கச்சேரிக்கு முன்னால் கூட்டம் இருக்கும்போதே மேடை முழுக்க நடந்து பாருங்கள். விட்டு விட்டு வந்தால் இந்த வருஷம் வயரிலேயே பாடுங்கள், இடுப்பு பேக்கிலிருந்து (அந்தச் சின்ன ஆம்ப்) நீளமான கேபிள் இழுத்தால் மேடையின் முன்பகுதி முழுக்க நடக்கலாம். வேறு அலைவரிசையில் ஓடுகிற நல்ல யூஎச்எஃப் செட் வாங்க 15,000 ரூபாய் போதாது.

காது அச்சு இப்போதைக்கு வேண்டாம். எந்த டிப்பும் மேல் ஸ்தாயியில் நிற்கவில்லை என்றால் மட்டும் யோசியுங்கள். காது கேட்கும் கருவி பொருத்துகிற மையங்களில் அச்சு எடுப்பார்கள். வாயை மூடிக்கொண்டு எடுக்க விடாதீர்கள், பற்களுக்கு நடுவே கட்டை வைத்து வாய் திறந்த நிலையில் எடுக்கச் சொல்லுங்கள், பாடகர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அண்ணனுடைய செட்டைக் கடன் வாங்கினாலும் டிப் உங்களுடையதைப் போட்டது நல்லது, அப்படியே தொடருங்கள். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் டிப்பைக் கழற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் டிரைவர் போய்விட்டது என்று பயந்து கடைக்கு ஓடாதீர்கள், முக்கால்வாசி நேரம் இயர்போனின் நுனிக் குழாயில் காதழுக்கு அடைத்திருக்கும்.

ரிதம்பேட்:

லிமிட்டர் எந்த அளவில் வைக்க வேண்டும் அண்ணா? எங்கள் மிக்ஸரிலும் யாரும் போட்டதில்லை.

மானிட்டர்மேசை:

ஒத்திகையில் உங்கள் பாட்டிலேயே சத்தமான இடத்தை வாசிக்கச் சொல்லி, பேக் வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அந்த பஸ்ஸின் டைனமிக்ஸ் பக்கத்தில் ரேஷியோவைக் (சத்தத்தை அழுத்தும் விகிதம்) கடைசிவரை ஏற்றி, அட்டாக்கைச் (வேலை தொடங்க எடுக்கும் நேரம்) சுழியத்துக்குப் பக்கம் கொண்டுவந்து, அந்தச் சத்தமான இடத்தில் மீட்டர் லேசாக ஒன்றிரண்டு டெசிபல் அசையும்வரை த்ரெஷோல்டை (தடுக்கத் தொடங்கும் அளவு) இறக்குங்கள். அதற்கப்புறம் பேக் வால்யூமைத் தொடாதீர்கள், தொட்டால் லிமிட்டர் கணக்கு மாறிவிடும். குரல் போதவில்லை என்றால் மற்றவற்றை இறக்குங்கள்.