காலையில் லோடர் மெதுவாக எழும்புகிறது, பம்ப் மாற்றத்தான் வேண்டுமா?

கந்தப்பளைக்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். கந்தப்பளையில் கரட், லீக்ஸ் போடுகிறோம். போன வருடம் பொலன்னறுவையில் ஒருவரிடம் ஜப்பான் ரீகண்டிஷன் சின்ன டிரக்டர் ஒன்று வாங்கினேன். இருபத்தைந்து குதிரைவலு, நாலு வீல் டிரைவ். முன்னால் இருக்கும் லோடர் ஜப்பானிலிருந்து வந்ததல்ல, அங்கேயே ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டியது. லொறியில் வந்து இறங்கும் கோழி எருவை அள்ளிப் பாத்தி ஓரம் கொட்டுவதும், மழைக்குச் சரிந்த மண்ணை வழியிலிருந்து ஒதுக்குவதும்தான் அதற்கு வேலை. மேல் பாத்திகளுக்கு எப்படியும் மண்வெட்டிதான்.

காலையில் ஸ்டார்ட் பண்ணி லீவரை இழுத்தால் லோடர் கை நின்று நின்று எழும்புகிறது. ஒயிலைத் தள்ளிக் கையைத் தூக்கும் ஹைட்ரோலிக் பம்ப் பக்கம் சிணுங்குகிற மாதிரி ஒரு சத்தம். வெயில் ஏறி ஒயில் சூடானதும் பரவாயில்லை. பின்னால் கலப்பை தூக்கும் லிஃப்டும் அப்படியேதான். டவுனில் ஒரு மெக்கானிக் பாஸ் பார்த்துவிட்டு, பம்ப் தேய்ந்துபோய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அவர் சொல்லும் விலைக்கு ஒரு போகத்து லீக்ஸ் காசு போய்விடும். பொலன்னறுவையில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மெனுவல் முழுக்க ஜப்பான் எழுத்து. பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் வேறு எதையாவது பார்க்கலாமா?

வெலிமடை விவசாயி:
பம்ப்தான் தம்பி, சந்தேகமே வேண்டாம். என்னுடையதும் இப்படித்தான் செய்கிறது. மத்தியானம் இரண்டு லோட் ஏற்றினால் பிறகு கை எழும்பவே மாட்டேன் என்கிறது. காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய பிட்டர்:
வெலிமடை அண்ணே, உங்களுக்கு வந்திருப்பது வேறு வியாதி. தம்பியுடையது குளிரில் மெதுவு, சூட்டில் சரி. உங்களுடையது குளிரில் சரி, சூட்டில் மெதுவு. தேய்ந்த பம்பில் ஒயில் சூடாகி இளகினால்தான் உள்ளே பின்பக்கம் கசியும். ஒயில் கெட்டியாக இருக்கும் காலையில் தேய்ந்த பம்பும் ஓரளவு ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே தம்பியின் பம்ப் தேய்ந்தது என்று சொல்ல இதுவரை ஒரு சாட்சியும் இல்லை. உங்களுடையதைப் பிறகு பார்ப்போம்.

நான் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்ட வேர்க்ஷொப்பில் பிட்டராக இருந்தவன். பார்ட்ஸ் மாற்றி மாற்றி வியாதி கண்டுபிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மெதுவா, பலவீனமா என்பது. இரண்டும் ஒன்றல்ல. பக்கெட் நிறைய எருவை மெதுவாகவாவது உச்சிவரை தூக்கிவிடுகிறது என்றால் அழுத்தம் இருக்கிறது, ஓட்டம்தான் குறைவு. வெறும் பக்கெட் வேகமாகப் போய், பாரம் வைத்தால் பாதியில் நிற்கிறது என்றால் அழுத்தம் போதவில்லை. அப்போதுதான் ரிலீஃப் வால்வ் (அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் ஒயிலைத் திருப்பிவிடும் வால்வ்), சிலிண்டர் சீல் என்று யோசிக்க வேண்டும்.

லோடரும் பின் லிஃப்டும் இரண்டுமே மெதுவு என்கிறீர்கள். இரண்டுக்கும் பொதுவானது ஒயில், உறிஞ்சும் பில்டர், உறிஞ்சும் குழாய், பம்ப். அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், மலிவானதும் முதலில்தான் வருகிறது. லோடர் வால்வையும் சிலிண்டரையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

சமவெளியான பொலன்னறுவையில் சரியாக ஓடிய வண்டி மலையில் இருக்கும் கந்தப்பளையில் ஏன் முரண்டு பிடிக்கிறது? பம்ப் ஒயிலை இழுக்கிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் ஒயிலைப் பம்புக்குள் தள்ளிவிடுகிறது. உங்கள் பக்கத்து நுவரெலியா டவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதோடு தை, மாசியில் சில நாள் விடிகாலை ஐந்து பாகைக்கும் கீழே போய்ப் புல்லில் உறைபனி கட்டும். தள்ளும் கை மெலிந்து, தள்ளப்படும் ஒயில் தடித்துப் போகிறது. பில்டர் கொஞ்சம் அடைத்திருந்தாலும் கீழ்நாட்டில் தெரியாது, இங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சிணுங்கல் சத்தம் பம்புக்கு ஒயில் பற்றாத சத்தம்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். வாங்கிய பிறகு ஒயில் மாற்றினீர்களா, என்ன ஒயில்? எஞ்சினை 2,500 சுற்றில் வைத்து, வெறும் பக்கெட்டைத் தரையிலிருந்து உச்சிவரை தூக்க காலையில் எத்தனை வினாடி, சூடான பிறகு எத்தனை வினாடி? லோடர் தூக்கும் சிலிண்டரின் வெளி விட்டம், தண்டு வெளியே வரும் நீளம் எவ்வளவு? பம்பில் ஏதாவது இலக்கம் கொத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

கந்தப்பளைக்காரன்:
நன்றி அண்ணே. பாரம் தூக்குகிறது, மெதுவாகத்தான். காலையில் 26 வினாடி, சூடான பிறகு 11. சிலிண்டர் வெளியே 75 மி.மீ., தண்டு 50 செ.மீ. வருகிறது. பம்பில் 8 என்று இருக்கிறது. வாங்கிய கையோடு ஒரு கராஜில் கியர்பொக்ஸ் ஒயில் மாற்றினோம். 90 நம்பர் கியர் ஒயில் ஊற்றினார்கள். ஹைட்ரோலிக்குக்குத் தனித் தாங்கி எதுவும் இல்லை, கியர்பொக்ஸிலிருந்துதான் எடுக்கிறது.

பழைய பிட்டர்:
இனிக் கணக்குப் போடுவோம். 75 வெளியே என்றால் குழாய்த் தடிப்பைக் கழித்து உள்ளே 63 இருக்கும். 63 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு சுமார் 31 சதுர செ.மீ. அதை 50 செ.மீ. தள்ள 1.55 லீற்றர் ஒயில் வேண்டும். லோடர் கையின் இரு பக்கத்துச் சிலிண்டர் இரண்டுக்கும் 3.1 லீற்றர். பம்பில் உள்ள 8 என்பது ஒரு சுற்றுக்கு 8 சி.சி. பம்பும் எஞ்சின் வேகத்திலேயே சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் 2,500 சுற்றில் நிமிடத்துக்கு 20 லீற்றர். 3.1 லீற்றர் நிரம்ப ஒன்பது வினாடிக்குச் சற்று மேல்.

உங்கள் வண்டி சூடான பிறகு 11 வினாடியில் தூக்குகிறது. கொஞ்ச நஞ்சக் கசிவுக்கு இடம் விட்டால் இதற்குமேல் அந்தப் பம்பால் முடியாது. புதுப் பம்ப் வாங்கிப் போட்டாலும் பத்துக்குக் கீழே வராது. பட்டறைக்காரர் பெரிய சிலிண்டர் மாட்டியதால் பலம் கூடியது, வேகம் குறைந்தது. அது வண்டியின் பிறவிக் குணம். காலை 26 வினாடிதான் வியாதி.

அந்த 90ஐ இறக்குங்கள். கியருக்கு அது நல்ல ஒயில்தான், ஆனால் கியர்பொக்ஸும் ஹைட்ரோலிக்கும் ஒரே ஒயிலில் ஓடும் வண்டிக்கு டிரக்டருக்கென்று வரும் பொது டிரான்ஸ்மிஷன் ஒயில் வேண்டும், பெரும்பாலும் 10W-30 தடிப்பில் வரும். நாற்பது பாகையிலேயே 90 அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. விடிகாலைக் குளிரில் இன்னும் மோசம், குரக்கன் கூழை ஸ்ட்ரோவில் உறிஞ்சுகிற கதைதான். பிரேக்கும் அந்தக் கியர்பொக்ஸ் ஒயிலுக்குள் மூழ்கி இருக்கும் வகை என்றால் 90இல் அதுவும் கத்தும்.

இறக்கும் ஒயிலில் ஒரு கண்ணாடிப் போத்தல் நிறையப் பிடித்து வையுங்கள். பால்போல இருந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்து வந்தால் அது காற்று. மறுநாளும் பால்போலவே இருந்தாலோ, அடியில் நீர் தங்கினாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. நம் ஊர் மழைக்குக் கியர் லீவர் ரப்பர் கிழிந்திருந்தால் அது போதும்.

ஒயில் இறக்கிய கையோடு உறிஞ்சும் பில்டரையும் கழற்றுங்கள். கம்பி வலை என்றால் மண்ணெண்ணெயில் கழுவலாம், கடதாசி என்றால் புதிதுதான். வீட்டுத் துணியால் துடைக்காதீர்கள், நூல் விட்டுப்போகும்.

ஹோஸ் கடை:
பிட்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாயையும் கிளிப்பையும் பாருங்கள். அந்தப் பக்கம் கசிந்தால் பெரும்பாலும் ஒயில் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால்தான் எல்லோரும் ‘ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லையே’ என்று விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸைத் தடவிப் பாருங்கள். எந்த மூட்டில் தடவும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கல்லாகியிருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும்.

அழுத்தம் உள்ள ஹோஸில் மட்டும் கையால் தடவிக் கசிவு தேடாதீர்கள். ஊசித் துவாரத்தால் வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரல் போகும். கார்ட்போட் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தூக்கிய கைக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் யாரும் போகவும் வேண்டாம்.

கந்தப்பளைக்காரன்:
வேலை முடிந்தது அண்ணன்மாரே. பில்டர் கம்பி வலைதான். கழற்றி எடுத்தபோது வலையே தெரியவில்லை. சிவப்பு சிலிக்கோன் கீலம் கீலமாக, நூடில்ஸ் நீளத்தில், வலையில் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. யாரோ முன்பு கியர்பொக்ஸ் மூடியை மாட்டும்போது அள்ளிப் பூசியிருக்கிறார்கள், உள்ளே பிதுங்கியதெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நகத்தால் உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரும்புத் தூள் காந்தத்தில் கொஞ்சம், மா மாதிரி. துண்டு எதுவும் இல்லை. போத்தல் ஒயில் ஒரு மணித்தியாலத்தில் அடியிலிருந்து தெளிந்துவிட்டது, தண்ணீர் இல்லை.

புது ஒயில், புது ஓ-ரிங். கையை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகு, இன்று காலை பனியிலேயே 13 வினாடி. சத்தம் போய்விட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் திரும்ப வருகிறது. எருக் குவியலிலிருந்து கீழ்ப்பாத்திக்கு இறங்கும் சரிவில், மூக்கு கீழே போகும்போது. இன்னொரு கேள்வி, வேகத்துக்காகக் கொஞ்சம் பெரிய பம்ப் போடலாமா?

பழைய பிட்டர்:
காந்தத்தில் மா மாதிரி இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக வந்திருந்தால்தான் பேச வேண்டும்.

சரிவுச் சத்தத்துக்கு ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மூக்கு கீழே போனால் கியர்பொக்ஸ் ஒயில் முன்பக்கம் ஓடிவிடும். உறிஞ்சும் வாய் பின்னால் இருந்தால் ஒயில் மட்டம் அதற்குக் கீழே போகும், காற்றை இழுக்கும். சமதரையில் நிறுத்தி, லோடரைத் தரையில் இறக்கி, பின் லிஃப்டையும் இறக்கி வைத்து மட்டக்குச்சியைப் பாருங்கள். நீங்கள் ஒயில் மாற்றிய பிறகு சிலிண்டர்களுக்குள் போன அளவு குறைந்திருக்கும், அதை நிரப்பவில்லை என்று நினைக்கிறேன். மேல் கோடு வரை ஊற்றினால் அநேகமாகச் சரியாகிவிடும்.

பெரிய பம்ப் வேண்டாம். அதற்கு உறிஞ்சும் குழாயும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சிணுங்கல் திரும்ப வரும். அதைவிட, சரிவில் நிறைந்த பக்கெட் வேகமாக மேலே போனால் பாரம் உயர்ந்து வண்டி பக்கவாட்டில் கவிழும். உங்கள் நிலத்துக்குப் பத்து வினாடி நல்ல வேகம். பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கி ஓட்டாதீர்கள், பின்னால் ஏதாவது பாரம் கட்டுங்கள். மெதுவாக இருக்கிறது என்று ரிலீஃப் வால்வ் திருகாணியை முறுக்கச் சொல்ல ஆள் வருவார்கள். அது வேகத்தைக் கூட்டாது, ஹோஸைத்தான் வெடிக்க வைக்கும்.

இனி வெலிமடை அண்ணன். சூட்டில் எழும்பவில்லை என்றால் உங்களுக்கு உள்ளே கசிவு. பம்பில், வால்வில், சிலிண்டரில் எங்கே என்றுதான் தெரிய வேண்டும். பாரத்தோடு பாதி உயரத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். கை தானாக இறங்கினால் சிலிண்டர் சீல் அல்லது வால்வ். இறங்காமல் நின்றால், சூடான ஒயிலில் அழுத்தத்தை அளந்து பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 140 முதல் 180 பார் வரை வைத்திருப்பார்கள். காலையில் அந்த அளவு காட்டி மத்தியானம் பாதியாக விழுந்தால், அப்போது பம்பைப் பற்றிப் பேசலாம்.

வெலிமடை விவசாயி:
கை இறங்கவில்லை அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நிற்கிறது. அளக்கிறதற்கு கேஜ் எங்கே கிடைக்கும்?

ஹோஸ் கடை:
ஹைட்ரோலிக் ஹோஸ் அடிக்கும் கடை எதிலும் இருக்கும், 250 பார் வரை காட்டுவது போதும். வாங்க வேண்டாம், இரவலாகக் கேளுங்கள். போகும்போது டெஸ்ட் போர்ட் பிளக்கை (கேஜ் மாட்டும் துவாரத்தின் மூடியை) கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ஜப்பான் வண்டிகளில் மரை வேறு வேறு அளவில் வரும், கண்ணால் பார்த்து அடாப்டர் எடுத்தால் பொருந்தாது.