நலத்தொகை வெட்டு: இழப்பு யாருக்கு?

நீலவானம்:
அரசு செலவைக் குறைக்கும்போது ஆண், பெண் என்று பார்ப்பதில்லை, வெட்டு எல்லாருக்கும் பொது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சட்டத்தில் எங்கேயும் பெண்களைக் குறிப்பிடாமலே பெண்களின் வருமானத்தை வெட்ட முடியும். எந்தத் தொகையில் கை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குழந்தைக்கான தொகை, தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கான உதவி, முதியோர் பராமரிப்பு, இவற்றை நம்பி இருப்பவர்களில் பெண்களே அதிகம்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ல் தொடங்கிய சிக்கன நடவடிக்கைகளில் வரியையும் நலத்தொகைகளையும் மாற்றியதால் அரசுக்கு மிச்சமான பணத்தை, உறுப்பினர்களுக்கு ஆய்வு செய்து தரும் நாடாளுமன்ற நூலகம் கணக்கிட்டது. அதில் சுமார் 86 சதவீதம் பெண்களிடமிருந்து வந்தது என்று 2017ல் வெளியான கணக்கு சொல்கிறது. இவ்வளவு சாய்ந்த ஒன்றைப் பொதுவான வெட்டு என்று எப்படிச் சொல்வது?

வடகாற்று:
அந்த 86ஐ எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் நண்பரே. ஒரு தொகை யார் பெயரில் வருகிறதோ, அது குறைந்தால் அவருடைய இழப்பு என்று எழுதும் முறை அது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிள்ளைகளுக்கான தொகை அம்மாவின் கணக்கில் வருகிறது. அது குறைந்தால் நான்கு பேருக்கும்தான் குறைகிறது. அப்பா மட்டும் தப்பிவிடுவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே காலத்தில் வருமான வரி விலக்கு வரம்பை 6,475 பவுண்டிலிருந்து படிப்படியாக உயர்த்தி 2019ல் 12,500க்குக் கொண்டுவந்தார்கள். அந்த லாபத்தில் பெரும்பகுதி ஆண்களின் பெயரில் ஏறுகிறது. ஆனால் அந்தப் பணமும் அதே வீட்டுக்குத்தான் வருகிறது. வீட்டை ஓர் அலகாக வைத்துப் பார்த்தால் இந்த 86 நிற்காது.

நீலவானம்:
வீட்டை ஓர் அலகாக வைப்பதுதான் நான் ஏற்காத இடம். வீட்டுக்குள் வந்த பணம் தானாகச் சமமாகப் பிரிந்துகொள்ளும் என்பது ஊகம். அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1970களின் இறுதிவரை பிரிட்டனில் பிள்ளைகளுக்கான உதவியில் பெரும்பகுதி வரிச்சலுகையாக அப்பாவின் சம்பளத்தில் சேர்ந்தது. 1977க்கும் 1979க்கும் இடையில் அதை எடுத்துவிட்டு, அம்மாவின் கையில் ரொக்கமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் பணம் வரும் கைதான் முக்கியமாக மாறியது. லண்ட்பர்க், போலாக், வேல்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்தக் காலத்துக் குடும்பச் செலவுக் கணக்குகளை எடுத்துப் பார்த்து 1997ல் கட்டுரை வெளியிட்டார்கள். மாற்றத்துக்குப் பிறகு ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிட்டால் பெண்கள், பிள்ளைகளின் உடைச் செலவு கூடியிருந்தது. வீடு ஒரே பையாக இருந்தால் இப்படி நடந்திருக்கக் கூடாது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1945ல் குடும்பத் தொகைச் சட்டம் வந்தபோது பணத்தை அப்பாவிடம் கொடுப்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். எலினார் ராத்போன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடித்தான் அம்மாவிடம் மாற்ற வைத்தார். வரி விலக்கும் அப்படித்தான். வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவருக்கு அதை உயர்த்தினாலும் ஒரு காசு கிடையாது. பகுதி நேர வேலையில் இருக்கும் பெண்கள் பலர் அங்கேதான் நிற்கிறார்கள்.

மழைத்துளி:
கையில் வரும் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சேவைகள் குறையும்போது நடப்பது இதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

என் அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள அரசு செலவில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். காகிதத்தில் அது 'மிச்சம்'. ஆனால் அம்மாவுக்குத் தேவைப்படும் நேரம் குறையவில்லையே. நான் என் வேலையைப் பாதியாக்கிக்கொண்டேன். அண்ணன் கெட்டவர் இல்லை, யாரும் என்னை வற்புறுத்தவும் இல்லை. என் சம்பளம் அண்ணனைவிடக் குறைவு, அதனால் நான் விடுவதுதான் குடும்பத்துக்கு நஷ்டம் குறைவு என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. கணக்காகப் பார்த்தால் சரியான முடிவுதான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏற்கெனவே குறைவாகச் சம்பாதிப்பவர் இன்னும் குறைவாகச் சம்பாதிக்கிறார். அப்புறம் அவருடைய ஓய்வூதியமும் குறைகிறது. வயதானபின் அவரே உதவி கேட்டு நிற்கிறார்.

உலக அளவில் சம்பளமில்லாப் பராமரிப்பு வேலை நேரத்தில் 76 சதவீதத்தைப் பெண்கள் செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018ல் கணக்கிட்டது. அரசு கைவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பக்கம்தான் சேரும். எந்த பட்ஜெட் அட்டவணையிலும் இது செலவாகக் காட்டப்படுவதில்லை.

கல்தூண்:
பராமரிப்பு பற்றி மழைத்துளி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த விவாதத்தில் ஒரு கூட்டமே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பிள்ளை இல்லாத, வேலை இல்லாத, தனி ஆண்கள்.

அதே பிரிட்டனில் 2012ல் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தனியாக வாழ்பவர் 35 வயதுக்குக் கீழே இருந்தால் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான வாடகைதான் கிடைக்கும் என்று ஆக்கினார்கள். முன்பு அந்த வயது 25. அடி வாங்கியவர்களில் ஆண்களே அதிகம். அதே ஆண்டு, வேலை தேடும் விதிகளை மீறினால் உதவித்தொகையை மூன்று ஆண்டுகள்வரை நிறுத்தலாம் என்று தண்டனையைக் கடுமையாக்கினார்கள். அதில் சிக்கியவர்களிலும் பெரும்பாலோர் இளம் ஆண்கள். இங்கிலாந்தில் தெருவில் படுப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆண்கள். பாகுபாடு இருக்கிறது, ஆனால் அது ஏழைக்கும் மற்றவர்களுக்கும் இடையில். பெண்களுக்கு அநியாயம் என்று மட்டும் பேசினால் இந்த ஆண்களுக்காகப் பேச யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

மழைத்துளி:
அவர்களுக்காகவும் பேச வேண்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் நீங்கள் காட்டிய உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது. தனி ஆண்கள் மீது குறிப்பாக விழும் வெட்டு உண்டு என்றால், தனித் தாய்மார் மீது குறிப்பாக விழும் வெட்டும் உண்டு. எல்லாவற்றையும் ஏழைகள் என்ற ஒரே பெயரில் போட்டுவிட்டால் இரண்டு பேருமே தெரியாமல் போவார்கள்.

வடகாற்று:
சரி, பெண்கள் மீது அதிகம் விழுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதிகம் விழுவது வேறு, அநியாயமாக விழுவது வேறு. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டுக்கு மேல் நலத்தொகை கிடையாது என்று 2013ல் பிரிட்டன் கொண்டுவந்த உச்சவரம்பு வழக்கானது. வரம்பில் மாட்டியவர்களில் தனித் தாய்மார் மிக அதிகம் என்பதை யாரும் மறுக்கவில்லை. இருந்தும் 2015ல் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கு உட்பட்டதே என்றது. உதவி பெறுபவர்களில் பெண்கள் அதிகம் என்றால் எந்த வெட்டும் அவர்களைத்தான் அதிகம் தொடும். அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாது என்று ஆகிவிடும்.

அமெரிக்காவில் 1996ல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டமும் இருக்கிறது. கூட்டரசுப் பணத்தில் ரொக்க உதவி வாழ்நாளில் மொத்தம் ஐந்து ஆண்டுகள்தான் என்றார்கள். அதன்பின் தனித் தாய்மார் வேலைக்குப் போவது வெகுவாகக் கூடியது. எந்த வெட்டும் கெடுதல் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம்.

நீலவானம்:
அந்தத் தீர்ப்பை ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர்தான் சொன்னார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். வழக்குப் போட்ட தாய்மார் வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள். வாடகை அதிகமான நகரத்தில் பிள்ளைகளோடு ஒதுங்க இடம் தேடியதால்தான் வரம்பைத் தாண்டினார்கள். சட்டம் அனுமதிக்கிறது என்பதால் நியாயம் ஆகிவிடாது. நீதிமன்றம் பார்த்தது அரசுக்கு அந்த முடிவை எடுக்கும் உரிமை உண்டா என்பதை. அது நல்ல முடிவா என்பது நம்மைப் போன்றவர்கள் பேச வேண்டியது.

அமெரிக்காவில் வேலைக்குப் போனவர்கள் கூடியது உண்மை. அப்போது பொருளாதாரமும் வேகமாக வளர்ந்தது, உழைப்பவர்களுக்கான வரிச்சலுகையும் 1993ல் பெரிதாக்கப்பட்டிருந்தது. வேலை கிடைக்காமல் போனவர்கள் என்ன ஆனார்கள்? 1996ல் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு 100 ஏழைக் குடும்பங்களுக்கும் 68 குடும்பங்கள் இந்த ரொக்க உதவியைப் பெற்றன. 2020ல் அது 21. அத்தனை ஏழைத் தாய்மாருக்கும் அந்த உதவி தேவையில்லாமல் போய்விட்டது என்று உங்களால் சொல்ல முடியுமா?

வடகாற்று:
அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தீர்வு, உண்மையிலேயே வேலை செய்ய முடியாதவர்களைத் தனியே கண்டறிந்து உதவுவது. பாலினக் கணக்கு அதற்கு எந்த வழியும் காட்டாது.

மழைத்துளி:
காட்டும். ஒரு வெட்டை அறிவிப்பதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு அரசு பதில் வெளியிட வேண்டும்: பணம் இப்போது யார் கைக்கு வருகிறது, நின்றால் அந்த வேலையை யார் செய்வார்கள், அப்படிச் செய்பவரின் சம்பளமும் ஓய்வூதியமும் என்ன ஆகும். பிரிட்டனில் ஆறு உதவிகளை ஒன்றாக்கிய யுனிவர்சல் கிரெடிட்டில், தம்பதி என்றால் வழக்கமாக மொத்தத் தொகையும் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணவன் மனைவியை மிரட்டிக் கட்டுப்படுத்தும் வீட்டில் அதன் பொருள் என்ன என்று முதல் கேள்வியைக் கேட்டாலே தெரிந்திருக்கும்.

கல்தூண்:
அந்தக் கேள்விகளைத் தனி ஆண்களுக்கும் கேட்பதாக இருந்தால் நான் உங்கள் பக்கம்.

வடகாற்று:
வெளியிடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பதில் பெண்களுக்கு எதிராக வந்தால் வெட்டையே கைவிட வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க மாட்டேன்.

நீலவானம்:
நானும் அதைக் கேட்கவில்லை. இழப்பு யாருக்கு என்று தெரிந்துகொண்டே வெட்டினால், அதை ஈடுகட்ட என்ன செய்யப்போகிறோம் என்பதையும் அதே பட்ஜெட்டில் எழுத வேண்டும். மழைத்துளியின் அம்மாவுக்கு வரும் நேரத்தைக் குறைத்தவர்கள், மழைத்துளி இழந்த சம்பளத்தை எந்த வரியில் எழுதினார்கள்?