சிறுவர் கால்பந்தில் பயிற்சியாளர்களின் நடத்தை: நீங்கள் நேரில் கண்டது என்ன?

தொடங்கியவர்: ஒரு தந்தை, சென்னை

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆடும் மகனுடன் வார இறுதிகளில் மைதானம் மைதானமாகச் செல்பவன் நான். எல்லைக்கோட்டில் நின்று கத்தும் பெற்றோரைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை பயிற்சியாளர்களைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். பந்தைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த நொடியில் திரும்பிப் பார்ப்பது தன் பயிற்சியாளரின் முகத்தைத்தான். அங்கே தெரிவதைப் பொறுத்தே அவன் அடுத்த பந்துக்குத் துணிந்து ஓடுகிறான், அல்லது ஒதுங்கி நிற்கிறான்.

அண்மையில் புறநகர்ப் பள்ளி ஒன்றில் நடந்த ஒருநாள் போட்டியில் கண்டதை முதலில் சொல்கிறேன். ஆடிய இரண்டு அணிகளில் எதுவும் எங்களுடையது அன்று. எங்கள் ஆட்டத்துக்காகக் காத்திருந்தபோது பார்த்தது. நடுக்களத்தில் நடந்த மோதலில் ஒரு சிறுவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எதிரணிச் சிறுவனிடம் பந்து இருந்தது, முன்னால் வெற்றிடமும் இருந்தது. அவன் விழுந்தவனைப் பார்த்தான், பந்தை வெளியே தட்டிவிட்டான். சுற்றி நின்ற எல்லோரும் கைதட்டினோம். அவனுடைய பயிற்சியாளரோ, "யாருடா உன்னை வெளிய அடிக்கச் சொன்னது? ரெஃப்ரி விசில் அடிச்சாரா?" என்று மைதானமே கேட்கும்படி கத்திவிட்டு, சிறிது நேரத்தில் அவனை வெளியே அழைத்து உட்கார வைத்துவிட்டார்.

விதிப்படி பார்த்தால் அந்தப் பயிற்சியாளர் கேட்டதில் தவறில்லை. காயம் கடுமையானது என்று நடுவர் கருதினால் அவர்தான் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். சிறு காயமென்றால் பந்து வெளியே போகும்வரை ஆட்டம் தொடரலாம். பந்தை வெளியே அடிக்க வேண்டிய கடமை எந்த ஆட்டக்காரருக்கும் இல்லை. விதி வற்புறுத்தாத இடத்தில் ஒரு பிள்ளை தானாகவே செய்த நல்ல காரியம் அது. அதற்குத் தண்டனை கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆட்டத்தின் பிற்பகுதியில் வேறொரு சிறுவன் விழுந்தபோது, இந்த அணியினர் அவனைச் சுற்றிக்கொண்டு போய் கோல் அடித்தார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடம் அவ்வளவு விரைவாகப் படிந்துவிட்டது.

நல்லதோ கெட்டதோ, நீங்கள் கண்டவற்றை எழுதுங்கள். பயிற்சியாளர், பள்ளி, அகாடமி எதன் பெயரும் வேண்டாம்.

மறுமொழி: ஒரு நடுவர், மாவட்ட அளவிலான ஆட்டங்கள்

உங்கள் பதிவில் உள்ளதை நான் விசிலோடு நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். பயிற்சியாளர் என்னை நோக்கிக் கையை விரித்த சில நிமிடங்களில் அவருடைய அணித்தலைவனும் அதேபோல் கையை விரிப்பான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு என்மேல் தனியாக எந்தக் கோபமும் இருக்காது. அவன் தன் பயிற்சியாளரைச் செய்துகாட்டுகிறான், அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, பயிற்சியாளர் உள்ளிட்ட அணி அலுவலர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டலாம். பெஞ்சிலிருந்து வசை வருகிறது, யார் சொன்னது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளரே அந்த அட்டையை ஏற்க வேண்டும். அவர்கள் நிற்பதற்கான பகுதியும் விதியில் வரையறுக்கப்பட்டிருக்கிறது: இருக்கைகளின் இருபுறமும் ஒரு மீட்டர், முன்புறம் எல்லைக்கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்புவரை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுந்து நின்று ஆட்ட நுணுக்கங்களைச் சொல்லலாம். நம் பள்ளி மைதானங்களில் இந்தப் பகுதியை யாரும் வரைவதில்லை என்பதால், பயிற்சியாளர் கோலிலிருந்து கோல் வரை எல்லைக்கோடு நெடுக ஓடிக்கொண்டிருக்கிறார். இப்போதெல்லாம் நான் ஆட்டத்துக்கு முன்பே அமைப்பாளரிடம் கேட்டு, இரண்டு பெஞ்சுகளுக்கும் சுண்ணாம்புக் கோடு போட வைக்கிறேன். அந்தக் கோடு இருக்கும் மைதானத்தில் சத்தம் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

அட்டை காட்டினால் அடுத்த போட்டிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று தயங்கும் இளம் நடுவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்களே அண்மைவரை ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள், தங்கள் தந்தை வயதுள்ள பயிற்சியாளர் நெருங்கிவந்து "தம்பி, உனக்கு ரூல் தெரியுமா?" என்று கேட்டால் குரல் எழும்புவதில்லை.

நல்லதையும் கேட்டீர்கள். ஒரு காலிறுதி ஆட்டத்தில் நான் கோல் என்று முடிவு சொல்லிவிட்டேன். கோல் அடித்த அணியின் பயிற்சியாளரே தன் பையனை அழைத்து ஏதோ கேட்டார். பையன் தலையசைத்தான். பிறகு அந்தப் பயிற்சியாளர் என் அனுமதியோடு கோட்டருகே வந்து, "சார், கையில் பட்டுத்தான் உள்ளே போயிருக்கிறது, இவனே சொல்கிறான்" என்றார். ஆட்டம் மறுபடி தொடங்கியிருக்கவில்லை என்பதால் முடிவை மாற்ற முடிந்தது. அந்த அணி தோற்றது. 2019 ஏப்ரலில் இங்கிலாந்துக் கழகமான ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக, எதிரணி ஆட்டக்காரர் விழுந்து கிடந்தபோது தம் அணி அடித்த கோலுக்கு ஈடாக ஒரு கோலை விட்டுக்கொடுக்கும்படி லீட்ஸ் கழகப் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா தம் ஆட்டக்காரர்களுக்கு உத்தரவிட்டதை உலகமே பாராட்டியது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் நேர்மைக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. நான் கண்டவருக்கு எந்த விருதும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைப்பேன்.

மறுமொழி: உடற்கல்வி ஆசிரியர், அரசு உதவி பெறும் பள்ளி

கத்துவதும் வசைபாடுவதும் கண்ணுக்குத் தெரியும் குற்றங்கள். பயிற்சியாளர்கள் அமைதியாகச் செய்யும் ஒரு குற்றம் உண்டு: வயதைக் குறைத்து ஆட வைப்பது. என் பணிக்காலத்தில் பிள்ளைகளின் மனத்தை இதைவிட ஆழமாகக் கெடுத்த வேறொன்றை நான் பார்த்ததில்லை. பதினான்கு வயதுப் பிரிவில் பதினாறு வயதுப் பையனை இறக்கும் பயிற்சியாளர், அவனுடைய அணியிலுள்ள மற்ற எல்லோரையும் அந்தப் பொய்க்குச் சாட்சியாக்குகிறார். "யாராவது கேட்டால் எட்டாம் வகுப்பு என்று சொல்" என்று வேனில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததை, பிறகு வேறு பள்ளியிலிருந்து எங்களிடம் சேர்ந்த மாணவன் ஒருவன் இயல்பாக என்னிடம் சொன்னான். அது தவறு என்றே அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

இதைத் தடுக்க வழிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2010-இல் வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் டி.டபிள்யூ.3 முறை பல விளையாட்டுகளில் நடைமுறையில் உள்ளது. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009 முதல் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. பரிசோதனையைப் பயன்படுத்துகிறது. ஆனால் உள்ளூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கோப்பைக்கு யார் எக்ஸ்ரே எடுப்பார்கள்? அங்கே பிறப்புச் சான்றிதழின் நகலும் பயிற்சியாளரின் கையெழுத்தும்தான் காவல்.

இதற்கு நேர் எதிரான கொடுமையையும் பார்த்திருக்கிறேன். என் மாணவன் ஒருவன் பதின்மூன்று வயதிலேயே ஓங்கி வளர்ந்துவிட்டான், மீசையும் அரும்பிவிட்டது. ஆட்டம் தொடங்குமுன் எதிரணிப் பயிற்சியாளர் நேராக அவன்முன் வந்து நின்று, "இவனுக்குக் கல்யாண வயசு, இவனைப் போய்ச் சின்னப் பசங்களோட ஆட விடுறீங்க" என்று பெற்றோர் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். நான் சான்றிதழின் மூலப்பிரதியை அமைப்பாளரிடம் காட்டினேன். அவர் பார்த்து ஒப்புக்கொண்டார். பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. பையன் அன்று முழுவதும் பந்தைக் கேட்டு ஒருமுறைகூடக் குரல் கொடுக்கவில்லை. ஐயம் இருந்தால் எழுத்தில் முறையிட வேண்டிய இடம் அமைப்புக் குழு. பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்கக் கூடாது. இதைப் போட்டி விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன்.

கோல் மழையைப் பற்றியும் ஒரு சொல். 2019 நவம்பரில் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் இன்விக்டாசாரோ என்ற கழகத்தின் இளையோர் அணி 27-0 என வென்றது; எதிரணியை மதிக்கவில்லை என்று கூறி அந்தக் கழகமே தன் பயிற்சியாளரை நீக்கியது. அது சரியா என்று எங்கள் ஆசிரியர்களிடையே நெடுநேரம் விவாதம் நடந்தது. கோல் அடிக்காதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதும் எதிரணிக்கு அவமானம்தான். பந்தை வைத்து வேடிக்கை காட்டுவது அதைவிடப் பெரிய அவமானம். நான் செய்வது இது: ஐந்து கோல் வித்தியாசம் வந்ததும் பின்களத்தில் ஆடுபவனை முன்களத்துக்கும், கோல் அடித்தவனைப் பின்னுக்கும் மாற்றுவேன், வாய்ப்புக் கிடைக்காதவர்கள் எல்லோரையும் இறக்குவேன், வலது காலால் ஆடுபவர்களை இடது காலால் மட்டும் ஆடச் சொல்வேன். என் பிள்ளைகள் முழு முயற்சியோடுதான் ஆடுகிறார்கள், ஆட்டமும் ஓரளவு சமநிலைக்கு வந்துவிடுகிறது.

மறுமொழி: ஒரு தாய், இலண்டன்

இங்கிலாந்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இருந்திருந்தால் இவ்வளவு விதிகள் தேவைப்பட்டிருக்காது. எல்லைக்கோட்டு நடத்தையைத் திருத்துவதற்கென்றே இங்குள்ள கால்பந்துச் சங்கம் 2008-இல் 'ரெஸ்பெக்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகும் நடுவர்கள்மீதான தாக்குதல்கள் ஓயாததால், 2023-இல் வயதுவந்தோர் ஆடும் சில உள்ளூர் லீக்குகளில் நடுவர்களின் மார்பில் கேமரா பொருத்தும் சோதனை முயற்சி வரை போக வேண்டியிருந்தது.

ஆனால் சில ஏற்பாடுகள் உண்மையிலேயே பயன்படுகின்றன. ஏழு வயதுப் பிரிவிலிருந்து பதினோரு வயதுப் பிரிவு வரை ஆட்ட முடிவுகளையும் புள்ளிப் பட்டியலையும் வெளியிடுவதில்லை. பட்டியல் இல்லாதபோது பயிற்சியாளருக்கு வெறி பிடிக்க ஒரு காரணம் குறைகிறது. என் மகள் ஆடிய லீக்கில் நான்கு கோல் பின்தங்கும் அணி கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்கிக்கொள்ளலாம். ஆசிரியர் ஐயா சொன்ன கோல் மழைக்கு அது நல்ல மருந்து. வெளியே போனவர் மறுபடி உள்ளே வரலாம் என்பதால், எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரம் கொடுக்க முடியாது என்று எந்தப் பயிற்சியாளரும் சாக்குச் சொல்ல முடியாது.

என் அனுபவம் இந்த ஆட்ட நேரத்தைப் பற்றியதுதான். மகளின் பயிற்சியாளர் குரலை உயர்த்தாதவர்; எதிரணியோடு கைகுலுக்குவார்; நடுவருக்கு நன்றி சொல்வார். ஆனால் பனியிலும் மழையிலும் மூன்று பெண் பிள்ளைகள் கடைசி ஐந்து நிமிடத்துக்காகக் கோட் போட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள், ஒவ்வொரு வாரமும் அதே மூவர். நேர்மையற்ற நடத்தை என்றால் கத்தல் மட்டும்தான் என்று எண்ணியிருந்த மற்றப் பெற்றோருக்கு இதைப் புரியவைக்கவே சில வாரங்கள் ஆயின. இங்கு ஒவ்வொரு கழகத்திலும் பிள்ளைகள் நலனுக்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்ற குறிப்பைக் கொடுத்தோம். பயிற்சியாளரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்கூட எழுதவில்லை. பயிற்சியாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தாமே அடுத்த வாரத்திலிருந்து சுழற்சி முறைக்கு மாறினார். எழுதிவைத்த நிமிடக் கணக்கு வாக்குவாதம் எதுவும் இல்லாமல் வேலை செய்தது.

மறுமொழி: கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து

எல்லோரும் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியாளர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என எங்கள் கரையோரம் முழுவதும் கால்பந்துதான். இந்திய அணிவரை சென்ற மைக்கேல் சூசைராஜ் இதே கரையின் இரவிபுத்தன்துறைக்காரர். இங்கே பிள்ளைகளைப் பழக்குபவர்களில் பலர் கடலுக்குப் போய்வந்து மாலையில் மணலில் நிற்கும் அண்ணன்மார். ஒரு ரூபாய் வாங்குவதில்லை. ஒரு வெற்றிச் சான்றிதழ் என்றால் அவர்களுக்கு ஒரு பிள்ளையின் கல்லூரி இடம், அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு. காலிறுதியில் தோற்றால் அந்தத் தாள் கிடைக்காது என்ற பதற்றத்தில் கத்துகிறவரும், சந்தா கட்டும் பெற்றோருக்குக் கோப்பை காட்டி அகாடமி நடத்துவதற்காகக் கத்துகிறவரும் எனக்கு ஒன்றல்லர்.

ஆனாலும் கத்துவதை நான் ஏற்கவில்லை. என்னைப் பழக்கிய அண்ணன் ஆட்டம் நடக்கும்போது பேசவே மாட்டார். இடைவேளையில் ஒவ்வொருவரிடமும் "நீ என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்பார். பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நாங்கள் களத்தைக் கவனிக்கப் பழகினோம். இப்போது பத்து வயதுப் பிள்ளைகளிடம் நானும் அதையே கேட்கிறேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது நேரம் போதவில்லை.

மறுமொழி: தொடங்கியவர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. எங்கள் பகுதியில் அடுத்த மாதம் நடக்கவிருக்கும் போட்டியின் அமைப்பாளரை இந்த ஞாயிறு சந்திக்கிறோம். பெஞ்சுகளுக்குச் சுண்ணாம்புக் கோடு, ஆட்டத்துக்கு முன்பே மூலச் சான்றிதழ் சரிபார்ப்பு, வயது பற்றிய ஐயங்களை எழுத்தில் மட்டும் ஏற்பது, வெளியே வந்தவர் மறுபடி இறங்க அனுமதி ஆகிய நான்கையும் கேட்கப் போகிறோம். நடுவர் ஐயா, பயிற்சியாளர்களுக்கு அட்டை காட்டலாம் என்ற விதியைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தர முடியுமா? அச்சடித்து ஒவ்வோர் அணிக்கும் பதிவின்போதே கொடுத்துவிடலாம்.